ரஜூலாவும் உல்லாசக் கப்பலும்

மேரு என்னும் பெயரைக் கேட்டுப் பொன்மலையைத் தேடிக்கொண்டு இங்கு வருவார் உளராயின் அவர் ஏமாந்தே திரும்புவர். கிள்ளானுக்கு வடக்கே, ஜாவாக்காரக் கம்பத்தாரும் சீனக் கடைக்காரரும் தோட்டத்துத் தமிழரும் கலந்து வாழும் தட்டை நிலம் இது. ரப்பர் போயிற்று, செம்பனை வந்தது, இப்பொழுது செம்பனையையும் வெட்டிச் சாய்த்துப் பண்டகசாலைகளும் தொழிற்சாலைகளும் எழுந்துகொண்டிருக்கின்றன. எஞ்சி நிற்கும் தோட்டம் ஒன்றில் நாம் கிராணியாக இருக்கிறோம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், செக்ரோல் புத்தகத்தில் வரவு குறிப்பதும், குலைகளின் எடையைக் கணக்கில் ஏற்றுவதும் நமது தொழில். இத்தகைய நாம் உல்லாசக் கப்பலேறி மூன்று இராத்திரி கடலில் கழித்து வந்தோமென்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இக்காலத்தில் தோட்டத்திலும் பட்டணத்திலும் இந்தக் கப்பலைப் பற்றிப் பேசாத வீடு இல்லையாதலால், போய் வந்தவர் கண்டதைச் சொல்வதில் பிழையொன்றுமில்லை.

நம்மவருக்கு விடுமுறை என்றால் இதுவரை பத்துமலையும் உறவினர் வீட்டுக் கல்யாணமுமே. சற்று வசதியுள்ளவருக்குப் போர்ட்டிக்சன் கடற்கரை. அவ்வளவுதான். கல்யாண வீட்டுக்குப் போனால் ஆண்கள் பந்தலில் அமர்ந்து பேசுவார்கள். பெண்கள் அங்கேயும் அடுப்படியில் நிற்பார்கள். நமது வாழ்க்கைத் துணைவி இரண்டாண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்து வைத்து, “இம்முறை எனக்கும் சேர்த்து விடுமுறை வேண்டும்” என்றபோது மறுமொழி சொல்ல நமக்கு வாய் எழவில்லை. அன்னையார், துணைவி, பிள்ளைகள் இருவர், நாம் என ஐவர் புறப்பட்டோம். செலவு நம் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கியது என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.

நமது குடும்பத்தில் கப்பலேறியவர்களில் நாம் முதல்வரல்லர். அன்னையாரின் தகப்பனார் சிறு பிள்ளையாயிருந்தபோது பெற்றோருடன் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்திறங்கியவர். தோட்டக் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்திற்று. அவர் வந்தது அதற்குச் சற்று முன்பு. அன்னையாரும் தம் பதினெட்டாம் வயதில், 1976இல், தகப்பனாரோடு சிதம்பரம் கப்பலில் ஊர் பார்க்கப் போய் வந்தவர். போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் 1972இலேயே போர்ட் கிள்ளான் என்று மாறிவிட்டது. ஆயினும் அன்னையார் வாயில் அது இன்றும் ‘சுட்டனாம்’ தான்.

ரஜூலாவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். கணக்கு நமது தொழிலாதலின் வாசகர்கள் பொறுத்தருள்க. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் எட்டாயிரத்துச் சொச்சம் டன். கப்பல் டன் என்பது எடையன்று. உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. அந்த எட்டாயிரம் டன் இடத்தில், முதல் வகுப்பாரும் இரண்டாம் வகுப்பாரும் நூற்றுச் சொச்சம் பேர் போக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்றுவதற்குத் தொடக்கத்தில் அதற்கு உரிமம் இருந்தது. 2016இல் வந்த ‘கெந்திங் டிரீம்’ என்னும் உல்லாசக் கப்பலோ ஒன்றரை இலட்சம் டன்; அதில் படுக்கை ஏறக்குறைய 3,400 பேருக்கு. 2024 ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட ‘ஐக்கான் ஆஃப் தி சீஸ்’ ஏறக்குறைய இரண்டரை இலட்சம் டன். நம் பாட்டனாருக்குக் கிடைத்த இடத்தையும் அவருடைய கொள்ளுப்பேரனுக்குக் கிடைத்த இடத்தையும் வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் வருகிறது. நாம் அன்றிரவு கட்டிலில் படுத்துக்கொண்டு இதைத்தான் வகுத்துக்கொண்டிருந்தோம். துணைவி விளக்கை அணைக்கச் சொன்னார்.

நிற்க. நாம் ஏறிய துறைமுகம் புலாவ் இண்டாவில் உள்ளது. முன்னாளில் புலாவ் லூமுட் எனப்பட்ட தீவு அது. கெந்திங் குடும்பத்தார் 1993இல் தொடங்கிய ‘ஸ்டார் குரூசஸ்’ கம்பெனியின் கப்பல்களுக்காக அங்கே துறை கட்டப்பட்டது. அக்கம்பெனியின் தாய்க் கம்பெனி கடனடைக்க வழியின்றி 2022 ஜனவரியில் கலைப்புக்கு மனுச் செய்தது. அவ்வாண்டு பாதியிலேயே அதே குடும்பத்தார் வேறொரு பெயரில் மீண்டும் கப்பல் விட்டனர். நாம் ஏறியது எவருடைய கப்பல் என்பது இங்கு வேண்டுவதில்லை. எல்லாக் கப்பலும் ஏறக்குறைய ஒன்றே.

முதலில் நல்லதைச் சொல்வோம். முழங்கால் தேய்ந்த அன்னையாரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, மின்தூக்கியிலே எல்லாத் தளத்துக்கும் கொண்டு போக முடிந்தது. நாட்டுக்கு நாடு போயினும் பெட்டியை ஒரு முறைதான் திறந்தோம். பிள்ளைகள் நீந்தினார்கள், நாடகம் பார்த்தார்கள், ஒரு நாளில் ஐந்து வேளை தின்றார்கள். சோறும் பருப்பும் ரசமும்கூட இருந்தன. ரசத்தைப் பற்றி அன்னையார் சொன்னதை இங்கு எழுதலாகாது. எல்லாவற்றினும் மேலாக, மூன்றாம் நாட்காலை துணைவி சொன்ன சொல் ஒன்று உண்டு: “இன்று என்ன சமைப்பதென்று யோசித்துக்கொண்டே கண் விழித்தேன். பிறகுதான் கப்பலில் இருக்கிறோமென்று நினைவு வந்தது.” பதினோராண்டு இல்லறத்தில் அவருக்கு இந்த மூன்று காலைப்பொழுதுகளைத்தான் நாம் வாங்கித் தந்திருக்கிறோம். உல்லாசக் கப்பலை அடியோடு இழித்துரைக்கும் அன்பர்கள் இதனை ஓர்ந்து பார்க்க வேண்டும்.

குறைகளும் பல. மலிவான அறைக்குச் சன்னல் இல்லை. பகலோ இரவோ தெரியாது. சீட்டு விலை ஒன்று, சேவைக் கட்டணம் வேறு, தண்ணீரல்லாத பானங்கள் வேறு. பினாங்கில் இறங்கி நாசி கண்டார் உண்டு திரும்பவே நேரம் போயிற்று. பினாங்கைக் காண்பதற்குப் பாலமிருக்கக் கப்பல் எதற்கென்று மகன் கேட்டான். நம் நாட்டில் கெந்திங் மலைமீதன்றிச் சூதாட்டக் கூடத்துக்கு உரிமம் கிடையாது. கப்பல் கரையை நீங்கியதும் கூடம் திறக்கிறது. நடுக்கடலில் எந்நாட்டுச் சட்டமென்றால், கப்பல் எந்நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்நாட்டுச் சட்டம். அக்கொடி பெரும்பாலும் பகாமாஸ், பனாமா முதலிய நாடுகளினுடையதாயிருக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பல் ஒன்றை, சூதாட்டம் உண்டென்ற காரணத்தால் புதுச்சேரி அரசு தன் கரைக்கு வரவிடாமல் திருப்பிவிட்டது. வெனிஸ் நகரிலோ, கால்வாய்களும் கட்டடங்களும் தாங்கா என்று 2021 ஆகஸ்டு முதல் பெருங்கப்பல்களை நகரின் நடுநீர்வழியில் விடுவதில்லை. புகையைப் பற்றியும் சொல்லலாம். எரியெண்ணெயில் கந்தகம் நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேல் இருக்கலாகாதென்று 2020இல் உலக விதி வந்தது. அதற்கு முன் மூன்றரைப் பங்கு வரை இருந்தது. அத்தனை ஆண்டுப் புகையும் எவருடைய நெஞ்சிலே தங்கிற்று என்பதற்குக் கணக்குப் புத்தகம் இல்லை.

அன்று தளப் பிரயாணிகளைக் கரையிறங்கியதும் தனிமை முகாமில் அடைத்து வைப்பார்கள். மேல் வகுப்பாருக்கு அத்தொல்லை இல்லை. 2020 பிப்ரவரியில், யோக்கோகாமா துறையில் ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் அடைபட்டனர். 700க்கு மேற்பட்டோரை நோய் பற்றிற்று. இம்முறை மேல் வகுப்பாரும் தப்பவில்லை. எனினும் அறைதோறும் சோறு கொண்டு போய் வைத்தவர்கள் சிப்பந்திகளே.

சிப்பந்திகளைப் பற்றித்தான் நாம் சொல்ல வந்தது. நமது அறை இருந்த நடைவழியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தமிழ் இளைஞர், நெல்லைச் சீமையார். நாம் எதிரே போகும்போதெல்லாம் வண்டியைச் சுவரோரம் தள்ளி, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நாம் கடக்கும் வரை நிற்பார். 1941இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்பதும் ஒரு கோரிக்கை. அதற்காக நின்றவர்களின் மரபில் வந்த நாம், முதல் நாள் கூசினோம். இரண்டாம் நாள் தலையசைத்தோம். மூன்றாம் நாள் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த இரண்டாம் நாள் மாலை, குளிர்க்காற்றுப் பொறியிலிருந்து நீர் சொட்டி அன்னையாரின் படுக்கை நனைந்தது. நடைவழியில் வந்த வேறொரு பையனிடம் சொன்னோம். அவன் சீனமொழி பேசுபவன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஒரு மணி நேரம் ஆயிற்று, எவரும் வரவில்லை. நமது தகப்பனார் வயிற்றைக் கட்டி நம்மை ஆங்கிலம் போதிக்கும் பள்ளிக்கு அனுப்பினாரன்றோ? அந்த ஆங்கிலமெல்லாம் அப்பொழுது பொங்கி எழுந்தது. புகார்த் தாளை எடுத்து, “இரண்டு முறை அறிவித்தும் இவ்வறையின் சிப்பந்தி அலட்சியம் செய்தார்” என்று எழுதிக் கீழே கொடுத்தோம். நாம் அறிவித்தது ஒரு முறை. அதுவும் அவரிடமன்று. ‘இரண்டு’ என்று எழுதினால் வேலை விரைவில் நடக்கும் என்பது கிராணிப் புத்தி.

பொறியைச் சரி செய்தார்கள்; விரிப்பை மாற்றினார்கள். இரவு பதினொரு மணிக்குப் பார்த்தால் அன்னையார் கட்டிலில் இல்லை. தளந்தளமாகத் தேடினோம். கடைசியில், உயிர்காப்புப் படகுகள் தொங்கும் திறந்த தளத்தில், கைலியொன்றை விரித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் அந்த நெல்லை இளைஞர் குந்தியிருந்தார். வேலை முடிந்து போகும்போது, கிழவியார் தடுமாறித் தனியே நடப்பதைக் கண்டு பின்தொடர்ந்து வந்தாராம். அங்கே படுப்பது விதிக்கு மாறு. எழுப்பவும் மனமில்லாமல் காவல் இருந்திருக்கிறார்.

“அறைக்குள்ளே கடல் சத்தமே கேக்கலை. சிதம்பரத்துல இப்படித்தான் படுத்துக்கிட்டு வந்தோம்” என்றார் அன்னையார். பிறகு எம்மை விட்டுவிட்டு இளைஞரைக் கேட்கத் தொடங்கினார்.

“எத்தனை மாசத்துக்கு எழுதிக் குடுத்துட்டு வந்த தம்பி?”

“ஒன்பது மாசம் அம்மா. இது ஏழாவது.”

“முன்பணம் எவ்வளவு வாங்கின?”

அவர் சிரித்தார். “நான் வாங்கலை அம்மா. நான்தான் குடுத்தேன். ஏஜெண்டுக்கு ரெண்டு லட்சம்.”

கங்காணியாவது முன்பணம் கொடுத்து அழைத்து வந்தான். கப்பல் தொழிலாளரிடம் ஆள்சேர்ப்புக் கூலி வாங்கலாகாது என்பது 2006ஆம் ஆண்டின் கடல்தொழில் உடன்படிக்கை. 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளில் 14 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும் அதில் உண்டு. நமது தோட்டத்தில் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி, அதிலும் ஒரு நாள் ஓய்வு. 14 மணி என்பதை ஒரு பாதுகாப்பாக எழுதி வைத்திருப்பதை வாசிக்கும்போது நமக்கு நாற்பதுகளின் தோட்டம் நினைவுக்கு வருகிறது. ஏழு மாதத்தில் முழு ஓய்வுநாள் ஒன்றுகூட இல்லை என்றார் அவர். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். ஊரில் தங்கைக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டியாயிற்று. கடன் பாதி தீர்ந்தது. மீண்டும் வருவீரா என்று நாம் கேட்டதற்கு, நடத்தைப் புத்தகம் சுத்தமாயிருந்தால் மறுபடியும் கூப்பிடுவார்கள் என்றார்.

அதற்கு மேல் நம்மால் அங்கே நிற்க முடியவில்லை. செக்ரோலில் நாம் இடும் ஒரு கீறல் ஒருவனுடைய மாதச் சம்பளத்தில் என்ன செய்யும் என்பதை அறியாதவரல்லேம். கீழே ஓடி, எழுதிய தாளைத் திருப்பித் தருமாறு கேட்டோம். மேசையிலிருந்த பெண், பதிவாகிவிட்டது, அழிக்க வழியில்லை, வேண்டுமாயின் இன்னொரு தாள் எழுதலாம் என்று மிக்க மரியாதையுடன் சொன்னார். எழுதினோம். ஒரு முறைதான் அறிவித்தோம் என்றும், அவரிடம் அறிவிக்கவில்லை என்றும், முதல் தாளில் உள்ளது உண்மையன்று என்றும் எழுதிக் கையொப்பமிட்டோம். நமது பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அந்த மூன்று வாக்கியங்களுக்குப் பிடித்த நேரம் வேறெதற்கும் பிடித்ததில்லை. இரண்டு தாள்களில் எது அவருடைய புத்தகத்தில் நின்றது என்பது நமக்குத் தெரியாது.

இறங்கும் நாட்காலை, அவர் வழக்கம்போல் சுவரோடு ஒட்டி நின்றார். அன்னையார் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லி, வீட்டிலிருந்து கொண்டு வந்த முறுக்குப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். வாங்கலாமோ கூடாதோ என்று அவர் நடைவழியின் இரு கோடியையும் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டார். நாம் கைகொடுத்தோம். தாளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தோம். பின்னால் பெட்டியோடு நின்றவர்கள் நெருக்கினார்கள்.

திரும்பி வந்து நான்கு மாதமாகிறது. பிள்ளைகள் ஆண்டிறுதி விடுமுறைக்கு மறுபடியும் கப்பல் என்கிறார்கள். துணைவி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பணம் சேர்க்கும் டப்பா மீண்டும் அலமாரியில் ஏறியிருக்கிறது. அன்னையார் மட்டும், “அந்தத் தம்பிக்கு ஒன்பது மாசம் முடிஞ்சிருக்கும், ஊருக்குப் போயிருப்பான்” என்று அவ்வப்போது விரல் மடித்து எண்ணுகிறார். நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.