துறவியின் தொலைநோக்கி

சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாயிருந்த ஜான் டாப்சன், பாமர ஜனங்களும் வானைக் காண வேண்டுமென்று மரப்பெட்டியும் கண்ணாடியுமாக வகுத்த தொலைநோக்கியின் வம்சத்தில் வந்த 12 அங்குல யந்திரமொன்று, இப்போது ஆம்பூரில் எங்கள் மொட்டைமாடியில் நிற்கிறது. குழாய்களைக் கண்ணாடிப்பெட்டியில் பூட்டி, மேல்வளையத்தை ஏற்றி, இரு கண்ணாடிகளும் ஒரே அச்சில் நிற்கும்வரை திருகுகளைக் கால் சுற்றும் அரைக்கால் சுற்றுமாகத் திருப்புவது ஒரு விரதமேதான்; குழாய்கள் நழுவாதிருக்க, செருப்புக் கம்பெனியில் கழித்துப் போட்ட தோல்துண்டுகள் உதவின (ஊர்ப் பழக்கம் விடுமா!). ஆனால் நெடுஞ்சாலை விளக்கொளியில் சனியும் வியாழனும் தெரிகின்றனவேயன்றி, மங்கலான நெபுலாக்கள் அகப்படுவதில்லை. 1977இல் யுரேனஸின் வளையங்களைப் பதிவுசெய்ததும், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டதுமான காவலூர் ஆய்வகம் ஜவ்வாது மலையை நாடிய காரணம் இப்போது விளங்குகிறது. அடுத்த அமாவாசைக்கு மலையேறுகிறோம். காரில், கண்ணாடிப்பெட்டி போக, இருவருக்கு இடமுண்டு.