அழித்துவிட்டோம் என்ற சொல்

சம்பந்தம் பேசும் காலத்தில் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்திடம் ஒப்படைக்கும் செய்திகள் எளியவையல்ல. ஊரறியாத நோய், கடன், முன்பு முறிந்துபோன பேச்சு என வீட்டின் உள்ளறையில் இருப்பவையெல்லாம் அப்போதுதான் வெளியே வருகின்றன. முன்னர் பெரியவர்கள் நேரில் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் இவற்றைச் சொன்னார்கள். இன்று பெற்றோர் ஓரூரிலும் பிள்ளைகள் வேறூரிலுமாக வாழ்வதால், மின்னஞ்சலில் எழுதிவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவினர் வீட்டுப் பையனுக்குப் பெண் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பெண்ணின் தகப்பனார் நமக்கு ஒரு மின்னஞ்சல் விடுத்தார். மகளுக்குச் சிறுவயதில் வலிப்பு கண்டதையும், மருத்துவத்தால் அது குணமானதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். படித்ததும் அழித்துவிட வேண்டும் என்றும், அது நம்மிடம் அமானிதம் என்றும் முடிவில் கேட்டுக்கொண்டிருந்தார். "அழித்துவிட்டோம், கவலை வேண்டாம்" என்று மறுமொழி அனுப்பிவிட்டு, வந்த மடலை நீக்கும் பொத்தானை அழுத்தினோம். வேறு காரணங்களால் அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. நாமும் அதை மறந்துபோனோம்.

மூன்று வாரங்கள் கழிந்திருக்கும். தவறுதலாக நீக்கிய ரசீது ஒன்றைத் தேடித் தருமாறு நம் தங்கை மகனிடம் சொன்னோம். அவன் குப்பைத்தொட்டிப் பகுதியைத் திறந்து, "மாமா, யாருக்கு வலிப்பு?" என்று கேட்டான். நாம் திடுக்கிட்டோம். அந்த மடல் அப்படியே அங்கே கிடந்தது. பதறிப்போய் 'அனுப்பியவை' பகுதியைப் பார்த்தால், "அழித்துவிட்டோம்" என்று நாம் எழுதிய மறுமொழியின் அடியிலேயே அவருடைய மடல் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது! அழித்ததாகச் சொன்ன கடிதமே அதைச் சுமந்து சென்றிருக்கிறது.

பேசுகிறவர் இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றைச் சொன்னால் அப்பேச்சு அமானிதமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அழித்துவிடச் சொன்ன அந்த வேண்டுகோள், ஒரு தகப்பனார் இருபுறமும் திரும்பிப் பார்த்ததற்கு நிகரானதன்றோ? நாம் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆயினும் நம் சொல் மெய்யாகவும் இருக்கவில்லை.

அதன்பின்தான் நீக்கிய மடல் எங்கே போகிறது என்பதை அறிந்துகொள்ள முற்பட்டோம். 2004ஆம் ஆண்டு தொடங்கிய ஜிமெயிலை எடுத்துக்கொள்வோம். நீக்கப்பட்ட மடல் அதன் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் இருக்கிறது. அதற்குப் பிறகும் அது உடனே இல்லாமற்போய்விடுவதில்லை. நீக்கியது முதல் தங்கள் இயந்திரங்களிலிருந்து முற்றாக அகற்றச் சுமார் 2 மாதங்கள் ஆகும் என்றும், காப்பு நகல்களில் 6 மாதங்கள் வரை இருக்கக்கூடும் என்றும் கூகுள் நிறுவனத்தார் தம் கொள்கை விளக்கத்தில் கூறுகிறார்கள். இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. ஓர் இயந்திரம் பழுதானாலும் மடல் தொலையாதிருக்க ஒன்றுக்கு மேற்பட்ட நகல்களை வைக்கிறார்கள். தொலையாமல் காக்கும் அந்த ஏற்பாடே அழிப்பதைத் தாமதப்படுத்துகிறது.

இதை உலகம் முன்பே ஒருமுறை கண்டிருக்கிறது. 1986 நவம்பரில், ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபோது, அமெரிக்க வெள்ளை மாளிகையின் அதிகாரிகளான ஆலிவர் நார்த்தும் ஜான் பாய்ண்டெக்ஸ்டரும் கணினியில் தாங்கள் எழுதிய ஆயிரக்கணக்கான செய்திகளை நீக்கினார்கள். காப்பு நாடாக்களில் அவை தங்கியிருந்தன. விசாரணைக் குழுவினர் அவற்றை எடுத்துப் படித்தார்கள். ஆட்சியாளரின் குற்றம் வெளிப்பட்டதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் குற்றவாளியின் மடலும் ஒரு குமரிப் பெண்ணின் நோய்க் குறிப்பும் இயந்திரத்துக்கு ஒன்றே.

நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் விவரங்களை அழிக்கக் கோரும் உரிமையை எழுதிவைத்திருக்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் விவரங்களுக்கு அது பொருந்தாது. இவை நன்மையே. எனினும், அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள் என்றும், பிறர் குறைகளைத் துருவி ஆராயாதீர்கள் என்றும் திருமறை இட்ட கட்டளைகள் முதலில் நம் கைகளுக்கே உரியவை. நம் பெட்டியைத் திறந்து கொடுத்தது நிறுவனமன்று, நாமே.

தங்கை மகனிடம் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டோம், அவனும் ஒப்புக்கொண்டான். இரு பகுதிகளிலும் மடலை நிரந்தரமாக நீக்கினோம். பின்னர் அந்தத் தகப்பனாரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "எம்முடைய பெட்டியிலும் அது அப்படியே இருக்குமே, பாய்! அதை நானும் நினைக்கவில்லையே!" என்றார். அவர் மன்னித்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக!

இப்பொழுதெல்லாம் இத்தகைய செய்தி ஏதேனும் இருந்தால் எழுத வேண்டாம் என்றும், நாமே நேரில் வருவதாகவும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். மீறி மடல் வந்துவிட்டால், "அழித்துவிட்டோம்" என்று மட்டும் எழுதுவதில்லை. புதிய மடலாகத் தொடங்கி, "நம் பக்கத்தில் நீக்கிவிட்டோம். தங்கள் பக்கத்திலும் நீக்கிவிடுங்கள். நிறுவனத்தாரின் நகல்களில் சில மாதங்கள் இருக்கக்கூடும்" என்று எழுதுகிறோம். நம்மால் இயன்ற உண்மை அவ்வளவே.