சலவைக் கல்லும் புளியும்

நம் பெரியவர்கள் சமையலறைக்குள் கல்லை அனுமதித்தபோது ஆள் பார்த்துத்தான் அனுமதித்தார்கள். அம்மி, ஆட்டுக்கல், கல்சட்டி எல்லாம் கறுப்பு அல்லது சாம்பல் நிறம். அம்மியில் புளியையும் மிளகாயையும் வைத்து அரைத்தார்கள். கல்சட்டியில் வத்தக் குழம்பு இரவெல்லாம் கிடந்தது. கல் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அந்த இடத்துக்கு வெள்ளைப் பளிங்கு வந்திருக்கிறது. அதற்குச் சலவைக் கல் என்று பெயர் வைத்த மகானுபாவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். சலவை செய்கிறவர்கள் கையில்தான் அது முக்கியமாகக் கெடுகிறது.

சென்னையில் என் தங்கை அடுக்குமாடி வீடு வாங்கியபோது, சமையல் மேடைக்குக் கிரானைட் போடலாம் என்று மேஸ்திரி சொன்னார். தங்கை கேட்கவில்லை. ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வரும் கல்தான் வேண்டும் என்றாள். தாஜ்மகாலுக்குப் போன கல் அது. ஷாஜகான் அங்கே ரசம் வைக்கவில்லை என்பதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஆறே மாதம். அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் தீற்றல். எண்ணெய்த் தூக்கு இருந்த இடத்தில் கருநிழல். தோசைக்கல்லைச் சாய்த்து வைத்த இடத்தில் துரு வளையம். இவற்றை விட மோசமாக, மேடை முழுவதும் எலுமிச்சை விதை அளவில் வெளிறிய புள்ளிகள். புளி கரைக்கும் பாத்திரத்தின் அடியில் அரைவட்டமாக ஒரு மங்கல்.

பழி யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டுமா? எட்டு வருஷமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். மகளின் நர்ஸிங் படிப்புக்காகத் தங்கையிடம் கடன் வாங்கி, மாதச் சம்பளத்தில் கழித்துக்கொண்டிருப்பவள்.

"அடுத்த மாசத்திலிருந்து வேறே ஆள் பார்க்கப் போகிறேன், அண்ணா. தினம் தேய்க்கிறாள், ஒரு புள்ளி போகவில்லை. எலுமிச்சை மூடி கொடுத்தேன், புளி கொடுத்தேன். பித்தளை எல்லாம் பளபளக்கிறது, இது மட்டும் ஏன் போகாது? அழுத்தித் தேய்க்க மனசில்லை" என்றாள் தங்கை.

தொட்டிப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "அழுக்கா இருந்தா துணியில ஒட்டணுமில்லம்மா? துணி வெள்ளையாத்தானே இருக்கு!"

ரசாயனப் புத்தகமும் இதையேதான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறது. பளிங்கு என்பது பூமிக்குள் வெந்து நெருக்குண்ட சுண்ணாம்புக் கல். கிளிஞ்சலுக்கு அது தாயாதி முறை. இரண்டும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். புளியில் டார்ட்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக், தயிரில் லாக்டிக். நம் சமையலில் புளிப்பைத் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு சொட்டு விழுந்தால் மேல் மெருகு கரைந்துவிடும். வழவழப்புப் போன இடத்தில் வெளிச்சம் சிதறி, வெளிறித் தெரியும். அது கல்லின் மேல் ஒட்டிய பொருள் அல்ல. கல்லே கொஞ்சம் போய்விட்ட இடம். ஒட்டியதைத் தேய்த்து எடுக்கலாம். போனதை எப்படித் தேய்த்து எடுப்பது? அதுவும் எலுமிச்சை தின்ற இடத்தை எலுமிச்சையாலேயே! கம்பி நாரும் கூடாது. பளிங்கு கடினமில்லாத கல்; மணல் பட்டாலே கீறும்.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். கல்லை விட வெளுப்பாக, மெருகில்லாமல் தெரிந்தால் அரிப்பு. கல்லை விட அழுத்தமான நிறமாக இருந்தால் கறை. தங்கையிடம் டார்ச்சைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். அரிப்பு முப்பத்தொன்று, கறை மூன்றே மூன்று. எண்ணி முடித்தவள் ஒன்றும் பேசவில்லை.

கறைக்கு வைத்தியம் பற்றுப் போடுவது. தாஜ்மகாலுக்கே அதுதான். ஆலைப் புகையிலும் தூசியிலும் மஞ்சளித்த சுவர்களுக்கு 1994இல் இந்தியத் தொல்லியல் துறையினர் முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசிக் கழுவினார்கள். பிறகும் சில தடவை அப்படிச் செய்திருக்கிறார்கள். கல்யாணப் பெண் முகத்துக்குப் போடுகிற அதே மண்தான். மண் உலரும்போது அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும்.

நாங்கள் மஞ்சள் கறைக்கு, மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்ஸைடில் மைதாவை அடை மாவை விடக் கெட்டியாகக் குழைத்தோம். முதலில் ஒரு மூலையில் சோதனை. பிறகு கறையின் மேல் கால் அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை ஒட்டினோம். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்துக் காய விட்டோம். இரண்டாம் பற்றில் மஞ்சள் போய்விட்டது. சோப்புப் போட்டிருந்தால் சிவந்திருக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற சங்கதிதான். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவை அசிட்டோனில் குழைத்துப் போட்டோம். அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து. அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

அரிப்புக்குப் பற்று உதவாது. மறுபடி மெருகேற்றத்தான் வேண்டும். லேசாக இருந்தால் வெள்ளீய ஆக்ஸைடுப் பொடியை ஈரக் கம்பளத் துணியில் தொட்டுத் தேய்த்தே மீட்கலாம். இது கை மீறிப் போயிருந்தது. பாலிஷ்காரர் வந்தார். "அரிச்ச இடத்தை மட்டும் தேய்ச்சா பள்ளம் விழுந்துடும் சார், மொத்த மேடையையும் இறக்கணும்" என்றார். தண்ணீர் விட்டு, வைரத் துகள் பதித்த வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றித் தேய்த்தார். 400ஆம் எண் வில்லையோடு கையை நிறுத்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்: "3000 வரைக்கும் போனா கண்ணாடியாட்டம் இருக்கும். ஆனா அடுத்த வாரமே எலுமிச்சம்பழச் சொட்டு தெரியும். இப்படியே மங்கலா விட்டுட்டா அவ்வளவா தெரியாது."

தங்கை கண்ணாடிக்கு ஆசைப்பட்டவள். என்னைப் பார்த்தாள், தொட்டிப் பக்கம் பார்த்தாள். "இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

இதற்குள் மேல்பூச்சு விற்கிற ஒருவர் வந்து, தம் மருந்தைத் தடவினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். கறை உள்ளே இறங்குவதை அது தாமதப்படுத்தும், உண்மை. புளியைத் தடுக்காது. தடுக்குமா என்று நான் கேட்டேன். அவர் விலையைச் சொன்னார்.

தங்கை அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. அன்று சாயங்காலம் அவளுக்குக் கொடுத்த காப்பியில் டிகாஷன் தாராளமாக இருந்தது. வேறு ஆள் பேச்சு அதன்பின் எழவில்லை. புளிப் பாத்திரத்துக்கு அடியில் ஒரு பலகை வந்தது.

துரு மட்டும் எதற்கும் மசியவில்லை. அந்த வளையத்தின் மேல் தங்கை அஞ்சறைப் பெட்டியை வைத்திருக்கிறாள். அந்த அம்மாள் தினமும் பெட்டியைத் தூக்கி, அடியில் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுகிறாள்.