ஒரே கெர்னல், பல சீரியல் போர்ட்டுகள்

லினக்ஸ் கெர்னலில் 8250 என்ற எண்ணால் அறியப்படும் சீரியல் டிரைவர், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் ஒன்றுபோல் நடந்துகொள்ளாத பல சில்லுகளை ஆள வேண்டியிருக்கிறது. 16450-இல் ஃபிஃபோ பஃபர் இல்லை. 16550-இல் இருந்தும் பழுதுடையது. 16550ஏ வந்த பிறகே 16 பைட் பஃபர் நம்பத்தக்கதாயிற்று. இவ்வேறுபாடுகளை #இஃப்டெஃப் வரிகளால் பிரித்தெழுதுவது எளிது. ஆனால் அவ்வாறு விலக்கப்பட்ட வரிகளைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. அவற்றில் ஒரு மாறியின் பெயரே பிழையாக இருந்தாலும் எவருக்கும் தெரியாது. பத்துத் தெரிவுகள் இருந்தால் 1024 வெவ்வேறு நிரல்கள் பிறக்கக்கூடும். அவற்றுள் ஆய்வகத்தில் ஓட்டிப் பார்ப்பவை இரண்டோ மூன்றோ.

இதைவிட அடிப்படையான இடரும் உண்டு. ஒரே கணினியில் மதர்போர்டின் போர்ட் ஒரு வகை, பிசிஐ அட்டையின் போர்ட் வேறு வகை என அமையலாம். கம்பைல் செய்யும்போது எடுத்த முடிவு இரண்டுக்கும் ஒருசேரப் பொருந்தாது. ஆகவே தெரிவு, ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய ஸ்ட்ரக்சரில் ஒரு ஃபிளாக்காக இடம்பெற வேண்டும். #இஃப்டெஃபை நீக்கிவிட்டு அதனிடத்தில் ஒரு குளோபல் மாறியை வைப்பவர்கள் பாதி வழியே கடந்திருக்கிறார்கள்.

அனுப்பும் இன்டரப்டை இயக்கியவுடன், அனுப்ப வேண்டியது எதுவும் எஞ்சியிராவிட்டால், சில்லு உடனே இன்டரப்ட் எழுப்ப வேண்டும். சில சில்லுகள் எழுப்புவதில்லை. 8250 டிரைவர், போர்ட்டைத் திறக்கும்போதே இதைச் சோதித்து, குறை கண்டால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் ஒரு ஃபிளாக்கை ஏற்றிக்கொள்கிறது. சோதனையும் எப்போதும் நம்பத்தக்கதன்று. சீரியல் ஓவர் லேன் சாதனங்களில் அதுவே சிக்கல் விளைவித்தமையால், அதைத் தவிர்ப்பதற்கென்றே ஒரு மாட்யூல் பாராமீட்டர் சேர்க்கப்பட்டது. தொலைவிலுள்ள சர்வரை அடைய அந்தக் கன்சோல் ஒன்றே வழி என்னும் நிலையில், கெர்னலை மீண்டும் கம்பைல் செய்யாமல் பூட் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்துத் தப்பிக்க முடிவது சிறிய காரியமன்று.

ஃபிளாக்கை ஒவ்வொரு முறையும் பார்ப்பது வேகத்தைக் குறைக்காதா என்ற கேள்வி வகுப்பறையில் தவறாமல் எழும். 115200 பாட் வேகத்தில், பைட்டுக்குப் பத்து பிட் எனக் கொண்டால், ஒரு பைட் கடக்க ஏறத்தாழ 87 மைக்ரோ விநாடி ஆகும். இன்றைய செயலியில் ஒரு பிட்டைச் சோதிக்கச் சில நானோ விநாடிகள் போதும்.

சில கிலோபைட் ஃபிளாஷ் நினைவகமே கொண்ட மைக்ரோகன்ட்ரோலரில் கணக்கு வேறு. அங்கே பயன்படாத ஒவ்வொரு கிளையும் இடத்தைத் தின்னும். அதற்கு லினக்ஸின் ஐஎஸ்_எனேபிள்ட் மேக்ரோவைப் போன்ற நடுவழி பொருந்தும்: கம்பைலர் எல்லா வரிகளையும் படித்துப் பிழை பார்த்த பின்னரே தேவையற்றதைக் கழித்துவிடுகிறது.