கொம்பன்

திருவனந்தபுரம் சந்திரசேகரன் நாயர் மைதானத்துக்கு வரும் முதியவர் ஒருவர், ஆட்டம் தொடங்குமுன் அணிப்பட்டியலில் ஊர்ப்பையன்களின் பெயர்களையே முதலில் தேடுவார். 2024இல் ஆறு அணிகளுடன் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அவருடைய அணி. முதல் பருவத்தில் அது அரையிறுதியில் காலிகட் அணியிடம் தோற்றது. "பிள்ளைகளுக்கு இன்னும் வயதிருக்கிறது" என்பதே அவர் சொன்ன ஆறுதல்.

அந்த நம்பிக்கை வெறும் ஆசையன்று. தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர் என்னும் மீனவக் கிராமம் சந்தோஷ் கோப்பைக்குப் பல ஆட்டக்காரர்களைத் தந்திருக்கிறது. 2018இல் கொல்கத்தாவில் வங்கத்தை வென்ற கேரள அணியிலும் பொழியூரின் சீசன் இருந்தார்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. திருவாங்கூர் ஸ்டேட் வங்கி அணியில் இடம்பிடித்த முன்தலைமுறைக்கு ஆட்டத்தோடு நிரந்தர வேலையும் வாய்த்தது. 2017 ஏப்ரல் 1 அன்று அவ்வங்கி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்து பெயரிழந்தது. இன்றைய லீக் தருவதோ பருவ ஒப்பந்தம். முழங்கால் பழுதானால் அதுவும் நிலையில்லை.

மலையாளத்தில் கொம்பன் என்பது தந்தமுள்ள ஆண்யானை. தமிழிலோ "நீ என்ன பெரிய கொம்பனா?" என்பது ஏளனம். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் இளைஞனை இவற்றுள் எந்தச் சொல் வரவேற்கும்?

பந்தா, படிப்பா என்று பேரன் கேட்டபோது முதியவர் தயங்கவில்லை: "இரண்டையும் விடாதே."