அப்பாவின் பெஞ்சு

வாசலில் ஒரு பெஞ்சு இல்லாத லயத்து வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா, வாசகர்களே? எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. இடித்த பழைய லயத்தின் பலகைகளைக் கேட்டு வாங்கி, அப்பா தம் கையாலேயே செய்தது. கூரைத் தாழ்வாரத்தில் இருபது வருடம் அசையாமல் நின்றது.

1991-இல் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்குக் குடிவந்தோம். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெஞ்சு எங்களோடு வந்தது. புது வீட்டில் அதற்குத் திறந்த வெளியில்தான் இடம் கிடைத்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நனையக் கூடாதே என்று பிளாஸ்டிக் தாளைத் தரைவரை சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். பொங்கலுக்குத் துடைக்கலாமென்று அவிழ்த்தால், குப்பென்று பூசண வாடை! பலகை கருத்திருந்தது. காலின் அடியில் விரல் வைத்தால் உள்ளே போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்தார். "மழை கெடுக்கல தம்பி, நீ கட்டின கட்டுதான் கெடுத்திருக்கு. மரம் நனையலாம், நனைஞ்சது காயணும்," என்றார்.

உண்மைதான். தரையின் ஈரம் ஆவியாகி மேலே வந்து, போக வழியில்லாமல் தாளுக்குள்ளேயே நின்றுவிட்டது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் பூசணம் அரிக்காது. ஆகவே மூடுவதானால் மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களில் காற்றோடட்டும். காலின் அடிப்பகுதிதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். அங்கே மறவாமல் சாயம் பூசி, செங்கல்மேல் தூக்கி வையுங்கள். பலகைகளுக்கிடையே சந்து விடுங்கள், தண்ணீர் வடிந்துவிடும்.

புதிதாக வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. நமக்குச் சோறு போட்ட பால்மரத்தின் பலகை வீட்டுக்குள் நன்றாக உழைக்கும், வெளியே தாங்காது. அதில் மாவுச்சத்து மிகுதி. பூச்சிக்கும் பூசணத்துக்கும் அது விருந்து. ஆலையில் ஏற்றும் போரான் மருந்தும் மழையில் கரைந்துபோகும்.

ஆசாரி அழுகிய கால்களை இரண்டரை அங்குலம் அறுத்தெடுத்தார். நன்றாகக் காயவைத்துச் சாயம் பூசி, நான்கு காலுக்கும் செங்கல் வைத்தோம். அம்மா உட்கார்ந்து பார்த்தார்.

"உங்கப்பா வெச்ச உயரம்தான்," என்றார்.

இன்றே உங்கள் வாசல் பெஞ்சின் காலடியைத் தொட்டுப் பாருங்கள்.