திரையில் ஒரு விமானி

பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைத்த முதல் வாரத்தில் நம் எல்லாருக்கும் ஒரு குழப்பம் வரும். எந்தக் கழகத்தில் சேர்வது? மண்டபம் முழுக்க மேசை போட்டு, பதாகை கட்டி, மூத்த மாணவர்கள் கூவிக் கூவி அழைப்பார்கள். சிலம்பமா, கபடியா, விவாதமா, தமிழ்க் கழகமா என்று விழித்துக்கொண்டு நிற்போம். அதே குழப்பம் எனக்கு இன்னோர் இடத்திலும் வந்தது. நான் சேர நினைத்தது ஒரு விமான நிறுவனத்தில். ஆனால் அந்த நிறுவனத்திடம் ஒரு விமானம்கூடக் கிடையாது!

சிரிக்க வேண்டாம். கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் மென்பொருளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ரைட் சகோதரர்கள் பறந்து 100 ஆண்டுகள் நிறைவதையொட்டி, மைக்ரோசாப்ட் 2003-இல் வெளியிட்ட 'ஃப்ளைட் சிமுலேட்டர் 2004'தான் என்னைப் பிடித்துக்கொண்ட பூதம். தனியாகப் பறந்து சலித்தவர்கள் இணையத்தில் ஒன்றுகூடி அமைத்துக்கொள்வதுதான் மெய்நிகர் விமான நிறுவனம். அதற்கும் பெயர், சின்னம், கால அட்டவணை, தலைமை நிலையம் எல்லாம் உண்டு. உறுப்பினர் ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து வீட்டிலிருந்தபடியே பறப்பார். புறப்பட்ட நேரம், எரிபொருள், சக்கரம் தரையைத் தொட்டபோது இருந்த இறக்க வேகம் ஆகியவற்றை ஒரு சிறு மென்பொருள் குறித்து அறிக்கையாக அனுப்பும். பறந்த மணிகள் கூடக் கூடப் பதவியும் உயரும். சம்பளம் கிடையாது, பெரும்பாலும் சந்தாவும் கிடையாது.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம்? அப்பா லாரி ஓட்டுநர். 1998-இல் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்படும்வரை பெரிய விமானங்கள் எல்லாம் சுபாங்கில்தான் இறங்கின. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து, விமான நிலைய வேலியோரம் கொண்டுபோய் நிறுத்துவார். தலைக்கு மேல் ஜம்போ இறங்கும்போது, "நீ ஒருநாள் இதை ஓட்டணும்டா" என்பார். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

2005-இல், விமானப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒரு கண் மருத்துவரிடம் போனேன். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வடிவமைத்த அந்தப் புள்ளிப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மற்றவர்களுக்கு எண் தெரியுமாம். எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு என்றார். பயணிகள் விமானம் ஓட்டும் கனவு அந்த நாற்காலியிலேயே முடிந்தது.

வீட்டுக்கு வந்து நான் சொன்னது வேறு. "பயிற்சிக்கு லட்சக்கணக்கில் செலவாகும்பா. நமக்குக் கட்டுப்படியாகாது, விட்டுட்டேன்." செலவும் உண்மைதான், ஆனால் காரணம் அதுவன்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. உறவினர்களும் நண்பர்களும் அதையே நம்பினார்கள்.

பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டில், 2008-இல், மெய்நிகர் நிறுவனம் தேட ஆரம்பித்தேன். முதலில் சேர்ந்தது ஆயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட பெரிய இடம். உலகெங்கும் தடங்கள், கண்ணைப் பறிக்கும் சின்னம், ஆறேழு பதவிப் படிகள். என்ன யோசனை வேண்டியிருக்கிறது? சேர்ந்துவிட்டேன். இரவு படுக்கும்முன் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு ஒரு போயிங் 777-ஐக் கிளப்பி, தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குவேன். காலையில் எழுந்து விரிவுரைக்குப் போய்த் திரும்பினால் லண்டன் வந்துகொண்டிருக்கும். தானாகத் தரையிறங்கும் வசதியை முடுக்கிவிடுவேன். கணக்கில் 13 மணிக்கு மேல் சேர்ந்துவிடும். நான்கே மாதத்தில் கேப்டன்! விதி எதையும் நான் மீறவில்லை. ஆனால் அந்தப் பதவியை எனக்குத் தந்தது ஒரு மென்பொருள். என் பறத்தலை ஒரு மனிதர்கூடப் பார்த்ததில்லை. பதிவு செய்த மணிகளில் பாதியை நானே பார்த்ததில்லை.

அடுத்தது ஐரோப்பியர்கள் நடத்திய இடம். ஒழுங்கானவர்கள், நல்ல பயிற்சிக் குறிப்புகள். ஆனால் அவர்கள் கூடிப் பறப்பது அவர்களுடைய மாலை நேரத்தில். நமக்கு அது அதிகாலை மூன்று மணி. இரண்டு வாரம் கண் சிவந்து விரிவுரைக்குப் போனதோடு அதற்கும் முழுக்குப் போட்டேன்.

மூன்றாவது, மலேசியர்கள் நடத்திய மிகச் சிறிய இடம். மொத்தமே இருபது பேர். ஜம்போ இல்லை, லண்டன் இல்லை. ஏ.டி.ஆர். 72, டுவின் ஓட்டர் போன்ற உந்துசுழலி விமானங்கள் மட்டும். பினாங்கு, கோத்தா பாரு, மீரி, பாரியோ என்று உள்நாட்டுத் தடங்கள். சேரும் முன் ஒரு தேர்வும் உண்டு. சுபாங்கிலிருந்து பினாங்குக்கு இரவில் பறந்து, தானியங்கியை விடுத்து, கையாலேயே தரையிறக்க வேண்டும். 2001-இல் தொடங்கப்பட்ட வாட்சிம் வலையமைப்பில், தன்னார்வலர்களே கட்டுப்பாட்டாளர்களாக அமர்ந்து குரலில் வழிநடத்துவார்கள். அங்கே தேர்வாளரின் விமானம் என் பின்னாலேயே வரும். அவர் கூச்சிங்கில் ஆசிரியராக இருந்த மலாய்க்காரர். எல்லாரும் அவரை 'அபாங்' என்றே அழைத்தோம்.

ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம். நான்கும் வெள்ளை என்றால் மிக உயரம். நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு. எனக்கோ நான்கும் ஒரே மங்கலான மஞ்சளாகத்தான் தெரிந்தன. தாழ்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் உயரமாகவே வந்தேன். பாதி ஓடுபாதை தாண்டித்தான் சக்கரம் தொட்டது. தோல்வி. மறுவாரமும் தோல்வி.

"இரண்டு தடவையும் உயரமாகவே வந்தாய். விளக்குகளைப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். கணினி மெதுவானது என்றால் நம்பியிருப்பார். ஏனோ அன்று பொய் வரவில்லை.

"எனக்கு அந்தச் சிவப்பு தெரியாது, அபாங்."

மூன்று ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. ஒலிவாங்கியின் மறுபக்கம் சற்று நேரம் அமைதி. பிறகு, "அப்படியானால் விளக்கை விடு. கணக்குப் போடு" என்றார்.

ஓடுபாதையிலிருந்து ஒவ்வொரு கடல்மைலுக்கும் சுமார் 300 அடி. 5 மைலில் 1,500 அடி, 3 மைலில் 900, 1 மைலில் 300. தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது கிடைக்கும். 120 நாட் என்றால் 600 அடி. மூன்று இரவுகள் என்னோடு பறந்து இதைச் சொல்லித் தந்தார். "உண்மையான விமானத்துக்கு இது மட்டும் போதாது, தம்பி. அந்தச் சோதனை உன்னைத் தடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் இங்கே உனக்கு இடம் இருக்கிறது" என்றும் சொன்னார். அடுத்த தேர்வில் தேறினேன். கடைநிலைத் துணை விமானி! முதல் இடத்தில் கிடைத்த கேப்டன் பதவியைவிட அது எனக்கு இனித்தது.

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் லாரிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "என் கையில காசு இல்லாததாலதான் உன் படிப்பு போச்சுன்னு இத்தனை வருஷமா நினைச்சிக்கிட்டு இருந்தேன்டா" என்றார். என் வெட்கத்தை மறைக்க அவர் தலையில் எவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "சரி, அதை விடு. எப்படி இறக்குறேன்னு காட்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சுபாங்கில்தான் இறங்கினேன். நாங்கள் நின்ற வேலியைத் திரையில் தேடினார், இல்லை.

இன்று அந்தச் சிறிய நிறுவனம் இல்லை. நடத்தியவர்களுக்கு வேலையும் குடும்பமும் பெருகிவிட்டன. 2009-இல் மைக்ரோசாப்ட் சிமுலேட்டர் குழுவைக் கலைத்தபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். 2020-இல் புதிய பதிப்பு வந்து, இந்தப் பொழுதுபோக்கு மீண்டும் தளிர்த்தது. தம்பி தங்கைகள் சிலர் என்னிடம், "எதில் சேரலாம் அண்ணா?" என்று கேட்கிறார்கள். உங்கள் சிமுலேட்டருக்கு அவர்களின் மென்பொருள் பொருந்துமா, மாதம் எத்தனை முறை பறக்கச் சொல்கிறார்கள், அவர்கள் விழித்திருக்கும் நேரம் நம் நேரத்தோடு ஒத்துவருமா என்று பாருங்கள் என்பேன். பிறகு இன்னொன்றும் சொல்வேன். நீங்கள் தவறாக இறங்கினால், அதைக் கவனித்துச் சொல்ல அங்கே ஒரு மனிதர் இருக்கிறாரா? சொன்னபின் கூடவே இருந்து கற்றுத் தருவாரா? இடித்துரைக்கும் பெரியோரின் துணையை நாடச் சொல்லி வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

அடுத்த முறை மண்டபத்தில் மேசைகளுக்கு நடுவே விழித்துக்கொண்டு நிற்கும்போதும் இதையே கேட்டுப் பாருங்கள். பதாகையின் அளவைப் பார்த்து ஏமாந்தவன் சொல்கிறேன்.